படுக்கை வேண்டாம், ஊசி வேண்டும்!
மருத்துவமனைக்கு வெளியே சிரைவழி ஆன்டிபயாடிக்: யாருக்கு, எப்படி, யார் பொறுப்பில்?

எலும்புக்குள் கிருமி புகுந்துவிட்டால் சிகிச்சை வாரக் கணக்கில் நீளும். பெரும்பாலும் ஆறு வாரம். இதய வால்வில் தொற்று என்றால் நான்கு முதல் ஆறு வாரம். அந்தக் காலம் முழுவதும் ஆன்டிபயாடிக் மருந்தைச் சிரைவழியாக, அதாவது ரத்தக்குழாய்க்குள் நேராக, செலுத்துவதே நெடுநாள் வழக்கம். முதல் வாரத்திலோ இரண்டாம் வாரத்திலோ காய்ச்சல் தணிந்துவிடும். சீழ் வடிந்துவிடும். நோயாளி எழுந்து நடப்பார், வயிறாரச் சாப்பிடுவார். அதன் பிறகு அவரைப் படுக்கையில் கட்டிப்போடுவது வேளைக்கு வேளை ஏற வேண்டிய அந்த ஊசி மட்டும்தான்.

அந்த ஊசியை மட்டும் தனியே பிரித்து, புறநோயாளிப் பிரிவிலோ வீட்டிலோ கொடுக்கும் முறைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் ‘ஓபாட்’. மருத்துவமனையில் தங்காமல், வெவ்வேறு நாட்களில் குறைந்தது இரண்டு வேளை மருந்தை ஊசிவழியாகப் பெறுவது என்பது அமெரிக்கத் தொற்றுநோயியல் கழகத்தின் வரையறை. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுப் பழக்கம் உள்ள இந்த முறை, இன்று பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அன்றாட மருத்துவத்தின் பகுதி. மருந்தை வீட்டுக்கு அனுப்புவது இதில் எளிய வேலை. மருத்துவமனையின் கண்காணிப்பையும் கூடவே அனுப்புவதுதான் கடினம். இந்தச் சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் அதில் அடங்கியிருக்கிறது.

ஏன் ஊசி, ஏன் இத்தனை நாள்?

வாய்வழி விழுங்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டி, அதன் பிறகே ரத்தத்தில் கலக்கிறது. சில மருந்துகள் இந்தப் பயணத்தில் தாக்குப்பிடிப்பதில்லை. வான்கோமைசின், மெரோபெனம், அமிகாசின் ஆகியவற்றைக் குடல் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. உடலெங்கும் பரவிய தொற்றுக்கு இவற்றை ஊசியாகத்தான் கொடுக்க முடியும்.

நோய் இருக்கும் இடமும் ஒரு காரணம். எலும்பில் செத்துப்போன பகுதிக்கு ரத்த ஓட்டம் கிடையாது. இதய வால்வில் கிருமிகள் ரத்த உறைவுக் கட்டிக்குள் அடைந்து கிடக்கின்றன. செயற்கை மூட்டின் உலோகப் பரப்பில் அவை வழவழப்பான படலம் கட்டி அதற்குள் மெதுவாக வளர்கின்றன. இந்த இடங்களுக்குப் போதிய அளவு மருந்து போய்ச் சேர வேண்டும். சேர்ந்த அளவு பல வாரம் குறையாமல் இருக்க வேண்டும்.

கடிகாரத்திலிருந்து விடுதலை

பெனிசிலின் 1940-களில் புழக்கத்துக்கு வந்தபோது, சிறுநீரகம் அதை வேகமாக வெளியேற்றிவிடுவது மருத்துவர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தது. ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஒரு மணி நேரம்கூட ஆவதில்லை. அதனால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும். நள்ளிரவிலும் செவிலியர் வர வேண்டும். இப்படிப்பட்ட மருந்தை வீட்டில் கொடுப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

முதல் உடைப்பு அமெரிக்காவில் குழந்தைகளிடம் நிகழ்ந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரலில் கெட்டியான சளி தேங்கி, தொற்று திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் வாரக்கணக்கில் மருத்துவமனை வாசம். பள்ளிக்கூடம் போவதும் நின்றுவிடும். இந்த நோயாளிகளுக்கு வீட்டிலேயே சிரைவழி மருந்து கொடுத்த அனுபவத்தை ரக்கர், ஹாரிசன் என்ற இரு மருத்துவர்கள் 1974-ல் வெளியிட்டனர். ஓபாட் வரலாறு அந்தக் கட்டுரையிலிருந்தே எழுதப்படுகிறது.

அடுத்த பத்தாண்டில் இரண்டு மாற்றங்கள் இந்த முறையை வேகமாகப் பரப்பின. ஒன்று பணம் சார்ந்தது. அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர், 1983 முதல் நோயின் வகைக்கு ஏற்ப மொத்தத் தொகை கொடுக்கத் தொடங்கியது. எத்தனை நாள் தங்கினாலும் தொகை அதேதான் என்றானபோது, நோயாளியைச் சீக்கிரம் அனுப்புவது மருத்துவமனைக்கு லாபமானது. இரண்டாவது மாற்றம் மருந்தில் வந்தது. 1984 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃப்ட்ரியாக்சோன், பாதியாகக் குறைய ஏறக்குறைய எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. பல தொற்றுகளுக்கு நாளுக்கு ஒரு ஊசி போதும் என்றானது. இரவு ஊசி தேவையில்லை என்றவுடன் இரவுத் தங்கலும் தேவையற்றதாகியது.

பழக்கம் பரவிய பிறகே விதிகள் எழுதப்பட்டன. அமெரிக்கத் தொற்றுநோயியல் கழகத்தின் முதல் வழிகாட்டுதல் 1997-ல் வந்தது. 2004-லும் 2018-லும் புதுப்பிக்கப்பட்டது. பிரிட்டனின் நற்செயல் பரிந்துரைகள் 2012-ல் வந்து, 2019-ல் திருத்தப்பட்டன.

முதல் கேள்வி: ஊசியே வேண்டுமா?

ஒருவரை ஊசியோடு வீட்டுக்கு அனுப்பும் முன், மாத்திரையோடு அனுப்ப முடியுமா என்று கேட்டாக வேண்டும். இந்தக் கேள்விக்கு வலுவான பதில் 2019-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அச்சான இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது.

முதலாவது, பிரிட்டனின் 26 மையங்களில் நடந்த ‘ஓவிவா’ ஆய்வு. எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, சிகிச்சையின் முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு பிரிவுக்குச் சிரைவழி மருந்தும் மறு பிரிவுக்கு வாய்வழி மருந்தும் கொடுத்தனர். ஓராண்டு முடிவில் சிகிச்சை தோற்றவர்கள் ஊசிப் பிரிவில் 14.6 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 13.2 சதவீதம். மாத்திரை ஊசிக்குத் தாழ்ந்ததல்ல என்று உறுதியானது. இரண்டாவது, டென்மார்க்கின் ‘போயட்’ ஆய்வு. இதயத்தின் இடப்பக்க வால்வுகளில் தொற்று வந்து, குறைந்தது பத்து நாள் சிரைவழி மருந்து பெற்று நிலை சீரான 400 பேர் இதில் பங்கேற்றனர். மரணம், தொற்று திரும்புதல் போன்ற கெட்ட விளைவுகள் ஊசியைத் தொடர்ந்தவர்களில் 12.1 சதவீதமும், மாத்திரைக்கு மாறியவர்களில் 9 சதவீதமும் இருந்தன.

லினசோலிட், லெவோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல் போன்றவை விழுங்கினாலும் ஏறக்குறைய முழுமையாக ரத்தத்தில் சேர்பவை. கிருமி இவற்றுக்குக் கட்டுப்படும் என்றால் ஊசிக்கும் குழாய்க்கும் தேவை குறைகிறது.

இந்த முடிவுகளை இந்தியாவுக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. இங்கே ஈ.கோலை போன்ற கிருமிகள் வாய்வழி மருந்துகள் பலவற்றை எதிர்த்து நிற்கின்றன. சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்குக்கூட எர்டாபெனம், அமிகாசின் போன்ற ஊசி மருந்தைத் தேட வேண்டிய நிலை வருகிறது. காசநோய் இன்னொரு சிக்கல். ரிஃபாம்பிசின், ஃப்ளோரோகுவினோலோன் வகை மருந்துகள் எலும்புத் தொற்றில் நல்ல பலன் தருபவை. காசநோய்க் கிருமியையும் தாக்குபவை. முதுகெலும்புக் காசநோய் அரிதல்லாத நாட்டில், நோயை உறுதி செய்யாமல் இவற்றைத் தொடங்கினால் காசநோய் மறைந்து நின்று, பின்னால் மருந்துக்கு அடங்காத வடிவில் தலைதூக்கக்கூடும். எனவே மாத்திரையா ஊசியா என்பதை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும்.

யாரை அனுப்பலாம்?

எலும்பு, மூட்டுத் தொற்று, செயற்கை மூட்டுத் தொற்று, சர்க்கரை நோயாளிகளின் கால் புண், தோலிலும் அதன் அடியிலும் பரவும் செல்லுலைட்டிஸ், மருந்தெதிர்ப்புள்ள சிறுநீர்த் தொற்று, மூளையிலோ கல்லீரலிலோ சீழ்க்கட்டி, மூச்சுக்குழல் விரிவு நோய் ஆகியவை ஓபாட் பட்டியலில் வழக்கமாக இடம்பெறுபவை. செல்லுலைட்டிஸுக்குச் சில நாள் போதும். மற்றவை பல வாரம் நீளலாம்.

நோயின் பெயர் மட்டும் தகுதி தந்துவிடாது. காய்ச்சல் தணிந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் நிலையாக இருக்க வேண்டும். வடிக்க வேண்டிய சீழ் வடிந்திருக்க வேண்டும். இதய வால்வுத் தொற்றில் முதல் இரண்டு வாரம் ஆபத்து மிகுந்தது. கட்டியிலிருந்து துணுக்கு உடைந்து மூளைக்குப் போகும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். அந்த நோயாளி அதைக் கடக்கும் வரை மருத்துவமனையில் இருப்பதே நல்லது.

வீட்டின் நிலையும் பார்க்கப்படும். கை கழுவச் சுத்தமான தண்ணீர், மருந்தைப் பாதுகாக்க ஃப்ரிட்ஜ், அழைத்தால் எடுக்கும் தொலைபேசி, துணைக்கு ஒருவர், அவசரம் என்றால் மருத்துவமனை போய்ச் சேரும் தூரம் ஆகிய ஐந்தையும் கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை. நோயாளிக்கு முழுச் சம்மதம் இருக்க வேண்டும் என்பது இவற்றுக்கெல்லாம் முந்திய நிபந்தனை. படுக்கையைக் காலி செய்வதற்காக யாரையும் வீட்டுக்குத் தள்ளக் கூடாது.

மூன்று வழிகள்

முதல் வழியில் நோயாளி தினமும் மருத்துவமனையின் ஊசி மையத்துக்கு வந்து, மருந்து ஏறியதும் வீடு திரும்புகிறார். செவிலியரின் கண் தினமும் அவர் மேல் படுகிறது. பயண அலைச்சல் உண்டு. இரண்டாவதில் செவிலியர் வீட்டுக்கு வருகிறார். நடமாட முடியாத முதியவர்களுக்கு இது பொருந்தும். ஒரு செவிலியர் ஒரு நாளில் போய்வரக்கூடிய வீடுகளுக்கு எல்லை உண்டு. மூன்றாவதில் நோயாளியோ குடும்பத்தினரோ பயிற்சி பெற்றுத் தாங்களே மருந்தைச் செலுத்துகிறார்கள். பயிற்சி மருத்துவமனையிலேயே நடக்கும். கை கழுவுவது முதல் குழாயை உப்புநீரால் அலசி மூடுவது வரை ஒவ்வொரு படியையும் செவிலியர் முன் பிழையின்றிச் செய்து காட்டிய பிறகே வீட்டுக்கு விடுவார்கள். எந்த வழியானாலும் புதிய மருந்தின் முதல் டோஸ் மருத்துவக் கண்காணிப்பில்தான் போடப்படும். உயிருக்கே உலை வைக்கும் ஒவ்வாமை வந்தால் அங்கே உடனே சமாளிக்க முடியும்.

கையில் பொருத்தும் குழாய்

புறங்கையிலோ முழங்கையிலோ குத்தும் சாதாரண கானுலா, நம் ஊரில் ‘வென்ஃப்ளான்’ என்று அறியப்படுவது, சில நாள் தாங்கும். பிறகு சிரை சிவந்து வீங்கும். வேறு இடம் தேட வேண்டும். ஒரு வார ஊசிக்கு இது ஒப்பேறும். இரண்டு வாரம் வரை என்றால் ‘மிட்லைன்’. மேற்கைச் சிரையில் நுழைந்து அக்குளுக்குக் கீழே முடியும் நீளக் குழாய் இது. அதற்கும் மேல் என்றால் ‘பிக் லைன்’. இதுவும் மேற்கையில்தான் நுழைகிறது. ஆனால் நுனி இதயத்துக்குச் சற்று மேலே உள்ள பெருஞ்சிரையில் போய் நிற்கும். அங்கே ரத்த ஓட்டம் வேகமானது. எரிச்சலூட்டும் மருந்தும் உடனே கலந்து நீர்த்துவிடும். வாரங்கள், மாதங்கள்கூட ஒரே குழாய் நிலைக்கும்.

கைச் சிரை வழியாக இதயம் வரை குழாய் விடலாம் என்பதை 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தன் உடம்பிலேயே செய்து காட்டினார். எக்ஸ்ரே எடுத்து அதை நிரூபித்தார். கண்டனத்துக்கு ஆளான அந்தச் செயலுக்கு 1956-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்றைய பிக் லைன் செல்லும் பாதையும் அதுவே.

நீண்ட நாள் குழாய்க்கு விலை உண்டு. அதைச் சுற்றி ரத்தம் உறையலாம், அதன் வழியே கிருமி ரத்தத்தில் நுழையலாம், குழாய் அடைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் குழாய் வாயைக் கிருமிநாசினியால் தேய்ப்பது, மருந்துக்கு முன்னும் பின்னும் உப்புநீரால் அலசுவது, வாரம் ஒருமுறை கட்டு மாற்றுவது, அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்காமலிருப்பது ஆகியவை விலக்கில்லாத விதிகள். சிறுநீரக நோய் முற்றியவர்களுக்குப் பிக் லைன் கூடியமட்டும் தவிர்க்கப்படுகிறது. பின்னாளில் டயாலிசிஸுக்கு வேண்டிய கைச் சிரைகளை அது பாழாக்கிவிடும்.

மருந்தும் வெயிலும்

வீட்டுக்கு ஏற்ற மருந்துக்கு நாளில் ஒரு வேளை போதுமானதாக இருக்க வேண்டும். கலக்கிய பிறகும் அது கெடாமல் நிலைக்க வேண்டும். செஃப்ட்ரியாக்சோன், எர்டாபெனம், டாப்டோமைசின் ஆகியவை முதல் தகுதியில் தேறுபவை. டெய்கோபிளானின் தொடக்க டோஸ்களுக்குப் பிறகு வாரம் மூன்று முறைகூட கொடுக்கப்படுகிறது. 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டால்பவான்சின் இன்னும் மெதுவாக வெளியேறுவது. ஒரு டோஸ் இரண்டு வாரம் அளவுக்கு உடலில் தங்கும். அது கிடைக்கும் இடங்களில் கையில் குழாயே இல்லாமல் வாரம் கழித்து வாரம் ஊசி போடுவது சாத்தியமாகியிருக்கிறது.

வசதியான மருந்து சரியான மருந்தாகவும் இருக்க வேண்டும். ஒரு வேளை போதும் என்பதற்காக மட்டும் செஃப்ட்ரியாக்சோனைத் தேர்வது, குறுகிய வீச்சுள்ள மருந்து போதுமான இடத்தில் அகன்ற வீச்சுள்ள மருந்தைச் செலவழிப்பதாகும். மருந்தெதிர்ப்பு வளர அது உரம் போடும்.

அடிக்கடி கொடுக்க வேண்டிய மருந்துகளுக்கு மின்சாரம் வேண்டாத ஒரு பம்ப் உதவுகிறது. ஊதிய பலூன் காற்றைத் தள்ளுவது போல, நிரப்பப்பட்ட ரப்பர் பை சுருங்கிச் சுருங்கி 24 மணி நேரமும் மருந்தை மெல்லத் தள்ளும். இடுப்பில் சின்னப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கே போகலாம். ஆனால் மருந்து அத்தனை மணி நேரம் உடல் சூட்டிலும் அறை வெப்பத்திலும் இருக்கிறது. மெரோபெனம் கரைத்த சில மணி நேரத்திலேயே வீரியம் இழக்கத் தொடங்கும். செஃப்டசிடிமும் சூட்டில் சிதையும்.

வெப்ப மண்டலத்தில் இதைச் செய்து பார்த்த ஊர் ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள டார்வின். மழைக்காலத்து மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் தொற்றும் மெலியாய்டோசிஸ் நோய் அங்கே அதிகம். தீவிரக் கட்டத்தில் குறைந்தது 10 முதல் 14 நாள் சிரைவழி மருந்து, பிறகு மூன்று மாதமோ அதற்கு மேலுமோ மாத்திரை என்பது இதன் சிகிச்சை. நிலை சீரானவர்களுக்குப் பிக் லைன் வழியாக 24 மணி நேர ரப்பர் பம்பில் செஃப்டசிடிம் கொடுத்து வெளியே வைத்துக் குணப்படுத்திய அனுபவம் 2004-ல் வெளியானது. இதே நோய் தமிழ்நாட்டிலும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இது குறித்து நிறைய எழுதியிருக்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர்களில் பம்ப் முறையைத் தொடங்குபவர்கள், மிதமான தட்பவெப்பத்தில் கணக்கிட்ட மருந்து ஆயுளை நம்பிவிட முடியாது.

வாரம் ஒரு ரத்தப் பரிசோதனை

வார்டில் இருக்கும் நோயாளியைத் தினமும் யாராவது பார்க்கிறார்கள். தடிப்பு, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவு எதுவும் கண்ணில் படும். வீட்டில் இருப்பவருக்கு அந்தக் கண் இல்லை. அதை ஈடுகட்டத்தான் வாராந்திரப் பரிசோதனை: ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், அழற்சியின் அளவு. பெனிசிலின் குடும்ப மருந்துகள் பல வாரம் ஓடினால் வெள்ளணுக்களைக் குறைக்கலாம். வான்கோமைசின் சிறுநீரகத்தைத் தாக்கலாம். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தே டோஸை நிர்ணயிக்க வேண்டும். அமிகாசின் சிறுநீரகத்தோடு காதையும் கெடுக்கும். போன கேட்கும் திறன் திரும்புவதில்லை. டாப்டோமைசின் தசைகளைப் பாதிக்கிறதா என்று ரத்தத்தில் சி.பி.கே. என்ற தசை நொதியின் அளவு காட்டும். எந்த ஆன்டிபயாடிக்கும் கடும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம்.

பரிசோதனை எடுப்பதோடு வேலை முடிவதில்லை. முடிவுகள் சிகிச்சைக் குழுவின் கைக்கு வந்து சேராத நோயாளிகள் மறுபடியும் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால்தான் வழிகாட்டுதல்கள் ஒரு குழுவைக் கேட்கின்றன: தொற்றுநோய் அறிந்த மருத்துவர், பயிற்சி பெற்ற செவிலியர், மருந்தாளுநர். வாரம் ஒருமுறை எல்லா நோயாளிகளின் பட்டியலையும் இவர்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாத்திரைக்கு மாறலாமா, நிறுத்தலாமா என்பதும் அங்கேதான் முடிவாகும்.

பணம் யார் கொடுப்பது?

நோயாளிக்கும் மருத்துவமனைக்கும் சேர்த்துப் பார்த்தால் ஓபாட் செலவைக் குறைக்கிறது. ஆனால் மிச்சமாகும் பணம் யார் பையில் சேர்கிறது, புதிய செலவு யார் தலையில் விழுகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் மெடிகேர், முதியவர் மருத்துவமனையிலோ செவிலியர் பராமரிப்பு இல்லத்திலோ இருந்தால் செலவை ஏற்கிறது. வீட்டில் ஊசி என்றால் மருந்துக்கு வழியுண்டு. குழாய், உபகரணம், செவிலியர் சேவை ஆகியவற்றில் பெரும் ஓட்டை. 2016-ல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் 2021-ல் நடைமுறைக்கு வந்த வீட்டு ஊசிச் சலுகையும் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளைத் தொடவில்லை. நடமாடும் முதியவர்கள் ஊசிக்காக மட்டும் பராமரிப்பு இல்லத்தில் தங்கும் நிலை இதன் விளைவு.

இந்தியாவிலும் இதே முடிச்சு வேறு வடிவில் இருக்கிறது. பகல் நேரச் சிகிச்சைப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு 24 மணி நேரமாவது மருத்துவமனையில் தங்கியிருக்க வேண்டும் என்பது மருத்துவக் காப்பீட்டின் வழக்கமான நிபந்தனை. வீட்டுச் சிகிச்சைக்கென்று ஒரு பிரிவு உண்டு. நோயாளி மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாத நிலையில் இருக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் இடம் இல்லாதிருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். நடக்க முடிந்து, இடமும் இருந்து, தேவையில்லை என்பதால் வீட்டுக்குப் போகும் ஓபாட் நோயாளி இந்த இரண்டிலும் அடங்குவதில்லை.

தமிழ்நாட்டில்

பெயர் தெரியாமலே தமிழ்நாட்டில் ஓபாட் நெடுங்காலமாக நடக்கிறது. கையில் வென்ஃப்ளானோடு வீட்டுக்குப் போய், காலையும் மாலையும் பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்வது எல்லா ஊர்களிலும் காணும் காட்சி. வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் தனியார் சேவைகளும் பெருநகரங்களில் பெருகியுள்ளன. பல இடங்களில் இல்லாதது, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதியவருக்கும் ஊசி போடுபவருக்கும் இடையிலான தொடர்பு. கல்ச்சர் முடிவு பிந்தி வந்தால் யார் பார்ப்பது, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் ஏறினால் டோஸை யார் குறைப்பது, குழாயைச் சுற்றிச் சிவந்தால் நள்ளிரவில் யாரை அழைப்பது என்பதற்குச் சீட்டில் பதில் இருப்பதில்லை.

வீடு தேடிச் செல்லும் மருத்துவம் மாநிலத்துக்குப் புதிதல்ல. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளையும், இயன்முறைச் சிகிச்சையையும், நோய்த்தணிப்புச் சேவையையும், வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளையும் வீட்டுக்குக் கொண்டு சேர்க்கிறது. வீட்டுக்குப் போகும் பாதை இருக்கிறது. சிரைவழி மருந்து அதில் செல்ல வேண்டுமானால் பயிற்சி பெற்ற செவிலியரும், ஒவ்வாமைக்கான அவசர மருந்தும், ஊசி குத்தினாலும் கிழியாத பெட்டியில் ஊசிக் கழிவைத் திரும்பக் கொண்டுவரும் ஏற்பாடும் கூடவே செல்ல வேண்டும்.

ஒரு நடுத்தர மருத்துவமனை இதை முறையாகத் தொடங்கப் பெரிய கட்டடம் தேவையில்லை. நோயாளிகளின் பதிவேடு, அதைக் கவனிக்கும் ஒரு செவிலியர், பொறுப்பேற்கும் ஒரு மருத்துவர், எந்நேரமும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், வாராந்திரப் பரிசோதனைக்கான நாள் ஆகியவை அடிப்படை. ஒவ்வொரு நோயாளியின் சீட்டிலும் நோயின் பெயர், கிருமி, மருந்து, டோஸ், குழாயின் வகை, பரிசோதனை நாட்கள், மருந்தை நிறுத்தும் தேதி, குழாயை எடுக்கும் தேதி ஆகியவை எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைசி இரண்டும் விடுபட்டால், முடிய வேண்டிய மருந்து தொடரும். தேவை தீர்ந்த குழாய் கையிலேயே கிடந்து புதிய தொற்றுக்கு வழிவிடும். குழாய் எடுத்த பிறகும் எலும்பு, வால்வுத் தொற்றுக்காரர்களைச் சில மாதங்களாவது தொடர்ந்து பார்க்க வேண்டும். நோய் திரும்புவது பெரும்பாலும் மருந்து நின்ற பிறகுதான் தெரியவரும்.